ஆறு பேருக்கு ஒரு சஹன்

மட்டக்களப்பு
02.02.2025

அன்பின் மச்சான் உசனாருக்கு,

இங்கே நானும் செசீலியாவும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டு அனுப்பினேன். நீ ஒரு ரோசாப்பூப் படமும் 'இனிய காலை வணக்கம்' என்ற எழுத்தும் திருப்பி அனுப்பினாய். முழங்கால் நல்லதா கெட்டதா என்று அந்தப் பூவைப் பார்த்து எனக்கு விளங்கவில்லை. அதனால் காகிதத்தை எடுத்தேன். ஓட்டமாவடி ஷிஹான் லீவு முடிந்து நாளை கட்டாருக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். செசீலியா ஒரு போத்தல் கருவாட்டுச் சம்பல் தருகிறாள். உப்புக் கூடிப் போயிற்று. உன் மகள் றிஸ்னாவிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடு.

காகிதம் எடுத்ததற்கு இன்னொரு காரணம், உன்னிடமிருந்து எனக்கு ஓர் 'ஓம்' தேவை. அதைக் காகிதத்தில்தான் வாங்க வேண்டும் என்று சட்டம் போட்டவர்கள் நீயும் நானும். அந்தக் கெட்ட காலத்தில், தமிழரும் முஸ்லிம்களும் ஒரு கூரைக்குக் கீழே இருப்பதே பெரிய காரியமாக இருந்தபோது, நமது வாவியோர நட்புறவுக் கழகம் உடையாமல் நின்றது இரண்டு வழக்கங்களால். ஒன்று, மாதத்தின் முதல் சனிக்கிழமை கூட்டம் முடிந்ததும் ஆறு ஆறு பேராகப் பாயில் இருந்து, நடுவில் வைத்த ஒரே சஹன் தட்டில் கை வைத்துச் சாப்பிடுவது. மற்றது, எல்லாரும் ஓம் என்றால்தான் தீர்மானம். ஒருவர் இல்லை என்றாலும் விஷயம் விழுந்துவிடும், ஏன் என்று கேட்கவும் கூடாது. ஊரில் இல்லாதவர் தன் கைப்பட எழுதி அனுப்ப வேண்டும். ஒருவனுடைய ஓமை இன்னொருவன் சொல்லிவிடக் கூடாது என்று நீதான் பிடிவாதம் பிடித்தாய். நல்ல சட்டம்தான். இப்போது அது என் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நமது பெயர்ப்பலகையில் 'தோழமை, சேவை, இளைஞர் நலன்' என்று எழுதியிருக்கிறது. தோழமைக்கு ஒரு குறைவும் இல்லை, கேரம் பலகை தேய்ந்து போயிற்று. இளைஞர் பிரிவுக்குப் பொறுப்பான நல்லரத்தினத்துக்கு அறுபத்திரண்டு வயது. போன வருடம் சனிக்கிழமை பின்னேரம் இளைஞர் எழுச்சி மாநாடு வைத்தோம். ஊரிலுள்ள பிள்ளைகள் முழுப்பேரும் டியூசனில் இருந்தார்கள். நாமும் நமது மனைவிமாரும் ஒருவரையொருவர் பார்த்து எழுச்சி பெற்று, சோடா குடித்துவிட்டுக் கலைந்தோம்.

இப்போதுதான் உருப்படியாக ஒன்று கிடைத்திருக்கிறது. உங்கள் காத்தான்குடிப் பையன் ஸாஜித், போன் திருத்துகிற கடையில் வேலை செய்கிறவன், பெடியன்களையும் பெட்டைகளையும் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறான். காத்தான்குடி, செட்டிபாளையம், வவுணதீவு, எல்லா இடத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நீச்சலும் உயிர்காப்பும் படிக்கிறார்கள். படித்து முடித்தால் பாசிக்குடா ஹோட்டல்களில் வேலை கிடைக்கும். நாம் கொடுத்த துடுப்புப் படகுகளில்தான் பயிற்சி. திருகோணமலையிலிருந்து வருகிற பயிற்சியாளர் கேட்பது ஒன்றே ஒன்று: தண்ணீருக்குப் பக்கத்தில் கூரையுள்ள ஓரிடம், பெண்பிள்ளைகள் உடுப்பு மாற்ற ஓர் அறை. நமது மண்டபத்தைத் தவிர அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது? பூட்டுத் திறப்பை அவர்களிடம் கொடுத்துவிட்டு, முதல் சனிக்கிழமை மட்டும் நாம் எடுத்துக்கொள்வோம்.

பிள்ளைகளுக்கு நாம் இன்னும் கடன்பட்டிருக்கிறோம். படகு கையளிக்கும் விழாவைக் காலை எட்டு மணிக்கு வைத்தோம். பிரதம விருந்தினர் வரும்வரை விளக்கேற்றக் கூடாது என்று நல்லரத்தினம் பிடித்துக்கொண்டான். அவர் பதினொன்றுக்கு வந்தார். மாலை, பொன்னாடை, ஆறு பேச்சு. முடிந்து பார்த்தால் காற்று எழும்பி வாவி முழுக்க அலை. ஒரு படகைக்கூட இறக்கவில்லை. உயிர்காப்புச் சட்டையோடு வெயிலில் இருந்த பிள்ளைகளுக்கு வியர்வை ஊற்றியது.

ஒரு வரி போதும். 'மண்டபத்தை இளைஞருக்குக் கொடுக்க ஓம்' என்று எழுதிக் கையெழுத்தும் திகதியும் போட்டு அனுப்பு.

உன்,
ஹெக்டர்


டோஹா
21.02.2025

அன்பின் ஹெக்டருக்கு,

உன் மீதும் செசீலியா மீதும் இறைவனின் அமைதி உண்டாகட்டும். கடிதமும் சம்பலும் வந்து சேர்ந்தன. கடிதம் என்னிடம் இருக்கிறது. சம்பலை றிஸ்னா பறித்து மேல் தட்டில் வைத்துவிட்டாள். கதிரையில் ஏறி எடுக்க முழங்கால் விடாது என்று அவளுக்குத் தெரியும்.

முழங்கால் நடக்கிறது. எங்கே நடப்பது என்பதுதான் கேள்வி. பதினான்காம் மாடியில் இருக்கிறோம். கீழே போனால் கார், மேலே வந்தால் குளிர். மூன்று மாதம் என்று வந்தவன், வருடம் ஒன்று ஓடிவிட்டது. "வாப்பா, இன்னும் ஒரு செக்கப் இருக்கு" என்கிறாள் மகள். அந்தச் செக்கப் முடிந்தால் அடுத்தது வருகிறது. பிள்ளை பாசத்தில்தான் சொல்கிறாள், நான் என்ன செய்ய? இராச்சாப்பாட்டுக்கு நாலு பேருக்கு நாலு பீங்கான், நாலு போன். ஆளை ஆள் நிமிர்ந்து பார்ப்பது உப்பு வேண்டுமென்றால்தான்.

மண்டபம் நல்ல யோசனைதான். ஆனாலும் நீ எதிலும் மடைக் கதவைத் திறக்கிற மாதிரி ஒரே இழுவையில் இழுக்கிறவன். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்த பழக்கம். நான் துணி விற்றவன், விரித்துப் பார்க்காமல் வெட்டமாட்டேன். ஆகவே சிலது கேட்கிறேன். கேரம் பலகைகளை எங்கே வைப்பது? பிள்ளைகள் ஈரக் காலோடு வந்தால் தரை வழுக்கும், சுலோஜனா ரீச்சர் விழுந்தால் யார் பொறுப்பு? பகலில் பேப்பர் பார்க்க வருகிற நமது ஆட்கள் எங்கே போவார்கள்? வீட்டில் இருக்க முடியாமல்தானே அங்கே வருகிறார்கள். நல்லரத்தினம் மதியம் சற்றுச் சாய்கிறவன், அவனுக்கு மேல்கூரையும் காற்றாடியும் வேண்டும்.

நோன்பு வருகிறது. அது முடியட்டும், ஆறுதலாகப் பார்ப்போம்.

போன கூட்டத்தில் நம் சஹனில் யார் யார் இருந்தீர்கள்? என் இடத்தில் யார்? அதை எழுதாமல் விட்டுவிட்டாய்.

அன்புடன்,
உசனார்


மட்டக்களப்பு
06.04.2025

அன்பின் உசனார்,

பெருநாள் நல்லபடியாகப் போயிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே உன் தம்பி வீட்டிலிருந்து வட்டிலாப்பம் வந்தது. நான் இரண்டு பங்கு சாப்பிட்டேன், உன் பங்கையும் சேர்த்து.

உன் கேள்விகளுக்குப் பதில். கேரம் பலகையைச் சுவரில் சாய்த்து வைக்கலாம், அதற்கு உயிர் இல்லை. சுலோஜனா ரீச்சர் முப்பது வருடம் பள்ளிக்கூடத்து ஈரத் தரையில் நடந்தவர், விழமாட்டார். நல்லரத்தினத்துக்கு வீடு இருக்கிறது, வீட்டில் கட்டிலும் இருக்கிறது.

நோன்பு முடிந்தது. நேற்றைய கூட்டத்தில் விஷயத்தை எடுத்தேன். உன்னுடைய வரி இன்னும் வராவிட்டாலும் மற்றவர்களின் ஓமையாவது வாங்கி வைப்போம் என்று நினைத்தேன். ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை, மச்சான். எல்லாருக்கும் நல்ல விருப்பம். ஸாஜித்தைப் புகழ்ந்தார்கள். இளைஞர்தான் நாளைய உலகம் என்று நல்லரத்தினம் ஐந்து நிமிடம் பேசினான். பேசி முடித்துவிட்டு, "ஹாஜியார் ஓம் எண்டா நானும் ஓம்" என்று உட்கார்ந்தான். அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். சுலோஜனா ரீச்சர் மட்டும் நேரடியாக ஓம் என்றார். மற்ற எல்லாருக்கும் நீதான் வேண்டுமாம். நீ கூட்டத்துக்கு நேரில் வந்த காலத்தில் உன் பேச்சுக்கு இவ்வளவு மதிப்பு இருந்ததை நான் பார்த்ததில்லை. மேசைவிரிப்பின் நிறத்துக்கே உன்னோடு ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தவர்கள் இவர்கள்.

ஸாஜித் வெளியே நின்றுகொண்டிருந்தான். என்ன சேர் முடிவு என்று கேட்டான். என்னவென்று சொல்வது? பொறு தம்பி என்றேன். படகுகள் வெயிலில் கிடந்து நிறம் வெளிறுகின்றன. பெண்பிள்ளைகள் உடுப்பு மாற்ற இடமில்லாமல், வீட்டிலிருந்தே பயிற்சி உடுப்புக்கு மேலே மற்ற உடுப்பைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வருகிறார்கள். ஈரத்தோடு திரும்பிப் போகிறார்கள். இரண்டு வீட்டில் இனிப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பூட்டிய மண்டபத்துக்குள்ளே காற்றாடி சுற்றுகிறது, நல்லரத்தினம் நித்திரை.

சஹனைப் பற்றிக் கேட்டாய். எனக்குத் தவக்காலம் என்று நேற்று எல்லாருக்குமே இறைச்சியை நிறுத்திக் கொடுவா மீன் ஆக்கிவிட்டார்கள். நல்லரத்தினம் சொல்லித்தான் செய்தார்களாம். இந்த மனிதர்கள் மேல் முழுதாகக் கோபப்படவும் விடுகிறார்களில்லை. உன் இடத்தில் யாரும் இருக்கவில்லை. ஐந்து பேர்தான் இருந்தோம். அவரவர் பக்கத்துச் சோற்றைத்தான் தின்பது என்ற ஒழுங்கில் உன் பக்கத்துச் சோறு அப்படியே மிஞ்சுகிறது. ஒருவரும் கை வைப்பதில்லை. ஒவ்வொரு மாதமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் கை கழுவுகிறேன்.

ஒரு வரி, உசனார். தயவு செய்து.

ஹெக்டர்


டோஹா
04.05.2025

அன்பின் ஹெக்டருக்கு,

கடிதம் கிடைத்தது. நீ கோபத்தில் இருக்கிறாய் என்று எழுத்தின் சாய்விலேயே தெரிகிறது. செசீலியாவிடம் சொல்லி உன் பிரஷரைப் பார்.

இந்த விஷயத்துக்கு ஒரு சின்னக் குழு போட்டால் என்ன? மண்டபத்தைப் பாவிக்கும் ஒழுங்குகளை அவர்கள் எழுதட்டும். எத்தனை மணிக்குத் திறப்பது, யார் கூட்டுவது, பகலில் நமது ஆட்களுக்கு எந்த மூலை. எழுதி எனக்கு அனுப்பினால் நான் பார்த்துச் சொல்கிறேன். இல்லாவிட்டால் மண்டபத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று போடலாம். அதுவும் இல்லாவிட்டால் கச்சான் காற்றுக் காலம் முடிகிறவரை பொறுக்கலாம். எனக்கு எல்லாப் பக்கத்தையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஊரிலிருந்து போன் அடிக்கடி வருகிறது. முன்பெல்லாம் பெருநாளைக்கு மட்டும் வந்தது. இப்போது கிழமைக்கு மூன்று நாலு வருகிறது. மணி அடித்தால் றிஸ்னா, "வாப்பா, உங்கட மட்டக்களப்பு" என்று கொண்டுவந்து தருகிறாள். எனக்கு அது சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை.

பிள்ளைகள் ஈரத்தோடு போவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. தம்பியின் கடையிலிருந்து இருபது துவாய் எடுத்து ஸாஜித்திடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உசனார்


மட்டக்களப்பு
01.06.2025

உசனார்,

துவாய் வந்தது. இருபதும் நல்ல துவாய். பிள்ளைகள் துடைத்துக்கொண்டு தெருவில் நிற்கிறார்கள்.

இதைக் கொண்டுவருகிற றிப்ஷான் நாளை விடிய விமானம் ஏறுகிறான். அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். அதனால் சுகம் விசாரிக்கவில்லை.

பயிற்சியாளர் இந்த மாத முடிவு வரை தவணை கொடுத்திருக்கிறார். அதற்குள் இடம் இல்லாவிட்டால் வகுப்பை வேறு மாவட்டத்துக்கு எடுத்துப் போகிறாராம். அவரைக் குறை சொல்ல முடியாது. பாதி படித்த பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கிடையாது. ஸாஜித் நேற்று என் வீட்டுக்கு வந்தான். தேத்தண்ணி கொடுத்தோம், குடிக்கவில்லை. "சேர், பெரியாக்கள் விருப்பமில்லை எண்டா விருப்பமில்லை எண்டு சொல்லுங்க. நாங்க கோவிக்கமாட்டம். எல்லாரும் ஓம் ஓம் எண்டு சொல்லுறாங்க, திறப்பு மட்டும் வருகுதில்ல" என்றான். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஒருவரிடம் பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டானாம். அங்கே வந்து கட்டடத்துக்குக் கம்பி கட்டப் போகிறான், கடலில் விழுந்தவனைத் தூக்கி எடுக்கத் தெரிந்த பையன். நீ பதினான்காம் மாடியிலிருந்து அவனைப் பார்த்துக் கையசைக்கலாம்.

நாற்பது வருடம் நீர்ப்பாசனத்தில் இருந்தேன். தண்ணீர் எனக்கு முதல், உனக்கு முதல் என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த வவுணதீவு வயல் வட்டைக்காரர்களை ஒரு பகலில் இணங்கப் பண்ணியிருக்கிறேன். படித்த, பண்பான, வயிறு நிறைந்த நமது கழகத்தை நாலு மாதமாக அசைக்க முடியவில்லை. எல்லாருக்கும் முன்னால் நீ கல் மாதிரி கிடக்கிறாய். குழு போடு, கொட்டகை போடு, கச்சான் போகட்டும். உனக்கு இந்த மண்டபம் எதற்கு? நீ வரப்போவதில்லை. வராத மனிதனுக்குக் காவலாகப் பிள்ளைகளை வெளியே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

கடைசி வசனத்தைச் செசீலியா வெட்டச் சொன்னாள். நான் வெட்டவில்லை.

இருபத்தெட்டாம் திகதி விசேட கூட்டம். உன் கடிதம் வந்தாலும் வராவிட்டாலும் கூட்டம் நடக்கும். வராவிட்டால் அத்தோடு நான் செயலாளர் பதவியை விடுகிறேன்.

ஹெக்டர்


டோஹா
15.06.2025

அன்பின் ஹெக்டருக்கு,

உன் மீதும் செசீலியா மீதும் ஸாஜித் மீதும் இறைவனின் அமைதி உண்டாகட்டும்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முதல் நாள் றிப்ஷான் உன் கடிதத்தைக் கொண்டுவந்து தந்தான். பெருநாள் அன்று புது உடுப்பின் பையில் அது இருந்தது. தொழுகைக்குப் போகும்போதும் இருந்தது. நீ எழுதியதில் பாதி சரி. மற்றப் பாதியை உனக்குச் சொல்லாமலே விடலாம் என்று இருந்தேன். ஸாஜித் சொன்னதை வாசித்த பிறகு அது நியாயமில்லை.

கடையில் எனக்கு ஒரு பாடம் உண்டு. துணி பிடிக்காத வாடிக்கையாளர் பிடிக்கவில்லை என்று சொல்லமாட்டார். எல்லாவற்றையும் விரித்துப் பார்த்து, நல்ல சாமான், நல்ல நிறம் என்று புகழ்ந்துவிட்டு, "வீட்ட கேட்டுக்கிட்டு வாறன்" என்று இறங்கிப் போவார். நமது கழகத்துக்கு இப்போது நான்தான் அந்த வீடு. நீ முதல் கடிதம் எழுதிய கிழமையே கதை பரவி, போன் வரத் தொடங்கியது. ஒருவர் இல்லை, பலர். பெயர் கேட்காதே, சொல்லமாட்டேன். எல்லாரும் சொன்னது ஒன்றுதான். "ஹாஜியார், நீங்க மட்டும் ஓம் எண்டு எழுதிப்போடாதீங்க. ஹெக்டரோட எங்களுக்கு முகம் முறிக்க ஏலாது. மண்டபம் போனா நாங்க பகல்ல எங்க போற?" ஒருவர் அழுதார், ஹெக்டர். மனைவி போன பிறகு அந்தக் காற்றாடிக்குக் கீழேதான் அவருக்கு நித்திரை வருகிறதாம். அவரை நீ பரிகாசம் பண்ணி எழுதியிருந்தாய். உனக்குத் தெரியாது.

அவர்கள் என்னை நம்பிச் சொன்னார்கள், நான் காட்டிக்கொடுக்க விரும்பவில்லை. உன்னிடம் இல்லை என்று எழுதவும் மனம் வரவில்லை. அதனால் குழு, கொட்டகை, கச்சான். நீ என்னை ஏசினாய், அவர்கள் என்னை வாழ்த்தினார்கள், இரண்டுக்கும் நடுவில் இருந்தேன்.

இன்னும் ஒன்று. அந்தப் போன்கள் எனக்குப் பிடித்திருந்தன. மண்டபத்தின் கதை முடிந்துவிட்டால் என்னிடம் கேட்க ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் இருக்காது என்று பயந்தேன். நீ எழுதியது சரி, நான் வரப்போவதில்லை. டொக்டர் அடுத்த முழங்காலையும் செய்ய வேண்டும் என்கிறார். றிஸ்னா வீட்டை விற்பது பற்றிப் பேசத் தொடங்கிவிட்டாள். செசீலியா வெட்டச் சொன்ன வசனத்தை நான் பல தடவை வாசித்தேன். அதை நானே எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இத்துடன் இரண்டு காகிதம் இருக்கிறது. ஒன்றில் நீ கேட்ட வரி, கையெழுத்து, திகதி. மற்றது என் விலகல் கடிதம். தங்களுக்காக நான் 'இல்லை' என்று சொல்வேன் என்று நம்பியவர்களுக்கு எதிராக ஓம் எழுதிவிட்டு, அவர்களோடு ஒரே கழகத்தில் இருப்பது சரியில்லை. இருக்கவும் போவதில்லைத்தானே. என் இடத்தில் ஸாஜித்தை இருத்து. அவன் பாஸ்போட்டைத் திருப்பி வாங்கச் சொல். சோற்றை வீணாக்காதே.

பகலில் சாய்கிறவர்களுக்கு ஒரு மூலை, ஒரு காற்றாடி விட்டுக்கொடுங்கள். அது மட்டும் என் வேண்டுகோள்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. உன்னோடு சாப்பிட்டது போதாது, அதுதான் கவலை.

உசனார்


மட்டக்களப்பு
29.06.2025

மடையா உசனார்,

நான், செசீலியா, எல்லாரும் சுகம். நேற்றுக் கூட்டம் நடந்தது. ஒழுங்காக எழுதுகிறேன், இடையில் ஓடிப்போய்க் கடைசியை வாசிக்காதே.

முதலில் உன் ஓமை வாசித்தேன். நல்லரத்தினம் எழும்பி, "கையெழுத்து ஹாஜியார்ட தானா?" என்று கேட்டான். காகிதத்தைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்தான். காகிதம் மண்டபம் முழுக்கச் சுற்றி வந்தது. உன் கையெழுத்துக் கோழி கிளறின மாதிரி என்று எல்லாருக்கும் தெரியும், ஒருவராலும் மறுக்க முடியவில்லை. ஹாஜியார் ஓம் என்றால் நானும் ஓம் என்று சொன்னவர்கள் எல்லாரையும் ஒவ்வொருவராக எழுப்பினேன். கசப்பு மருந்து குடிக்கிற முகத்தோடு ஒவ்வொருவராக ஓம் என்றார்கள். போன் எடுத்தது யார் என்று முகத்திலேயே தெரிந்தது. நான் காட்டிக்கொள்ளவில்லை, நீ கேட்டுக்கொண்டதற்காக.

பிறகு வடக்கு மூலையையும் அந்தக் காற்றாடியையும் பகலில் சாய்கிறவர்களுக்கு விடுவது என்று நானே தீர்மானம் கொண்டுவந்தேன். நல்லரத்தினம் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. அழுதது அவன்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. ஐந்து மாதம் அவன் நித்திரையை வைத்துச் சிரித்தேன். கூட்டம் முடிந்து அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். சீனி கூடிப் போயிற்று என்றான். அவன் சுகமாகத்தான் இருக்கிறான்.

திறப்பை ஸாஜித்தின் கையில் சுலோஜனா ரீச்சர் கொடுத்தார். விளக்கு இல்லை, மாலை இல்லை, பேச்சு இல்லை. பிரதம விருந்தினரை அழைக்காததால் படகுகள் இன்று விடியவே தண்ணீரில் இறங்கிவிட்டன. பாஸ்போட்டைத் திருப்பிக் கேட்டிருக்கிறான். தருகிறதாகச் சொல்லியிருக்கிறார்களாம்.

கடைசியாக உன் விலகல் கடிதம். வாசித்தேன். எல்லாருக்கும் கவலை. உன் சேவையைப் பற்றி அழகாகப் பேசினார்கள். வராத உனக்குப் பொன்னாடை அனுப்பவும் ஒருவர் முன்மொழிந்தார். பிறகு கனத்த மனதோடு ஏற்றுக்கொள்வதாக ஒவ்வொருவராக ஓம் என்றார்கள். எல்லாரும், சுலோஜனா ரீச்சர்கூட. கடைசியாக என் முறை வந்தது.

நான் இல்லை என்றேன்.

நல்லரத்தினம் என்ன காரணம் என்று கேட்டான். காரணம் கேட்க நமது சட்டத்தில் இடமில்லை என்றேன். அவன் நன்றாக யோசித்துவிட்டு உட்கார்ந்தான். ஆகவே உன் விலகல் விழுந்துவிட்டது. காகிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். மறுபடி அனுப்பினால் மறுபடியும் இல்லை என்பேன். விலக வேண்டுமென்றால் நான் செத்த பிறகு அனுப்பு.

வராத மனிதன் என்று எழுதினேன். அது வராதவன் மேல் இருந்த கோபம். நீ அங்கேயே இரு, முழங்காலைச் செய்துகொள், மகளின் சொல்லைக் கேள். ஆனால் கழகத்தில் உறுப்பினனாக இருந்து தொலை. மேசைவிரிப்புக்கு நீல நிறம் போடப் போகிறார்கள், உன் கைப்பட ஓமோ இல்லையோ வேண்டும். அடுத்த மாதம் வாசற்கதவு. அதற்கடுத்தது என்னவென்று இப்போதே யோசித்து வைத்திருக்கிறேன்.

கூட்டம் முடிந்து சஹன் வைத்தார்கள். உன் இடத்தில் ஸாஜித் இருந்தான். உன்னிடத்தில் இருந்த மரியாதை அவனிடம் கிடையாது. நல்ல இறைச்சித் துண்டை நீ என் பக்கம் தள்ளுவாய். அவன் என் பக்கத்தில் இருந்ததையும் கேட்டு எடுத்தான். நாள் முழுக்க நீந்துகிற பிள்ளை, பசிக்கும்தானே. சஹன் துடைத்த மாதிரி காலியாயிற்று, ஒரு பருக்கைகூட மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகு ஒரு சந்தேகம் வந்தது. நீ எப்போதாவது வந்தால் எங்கே இருப்பாய்? ஸாஜித்தை எழுப்ப முடியாது. அதனால் உன் உடம்புக்கு ஏற்ற ஆளாகப் பயிற்சிக்கு வருகிற ஜொய்சனைப் பிடித்து, வெறும் சஹனைச் சுற்றி ஏழு பேராக இருந்து பார்த்தோம். நல்லரத்தினத்தின் முழங்கால் மட்டும் பாய்க்கு வெளியே நிற்கிறது. மற்றப்படி ஏழு பேருக்கும் இடம் காணும்.

ஹெக்டர்